பலகையில் எழுபத்தொன்று

மார்ச் 3

தம்பிக்கு,

நலமா என்று கேட்க இதை எழுதவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். நல்ல ஊராகப் பார்த்து மாற்றல் வாங்கிக்கொண்டு போனவனுக்கு என்ன குறை?

ஆஸ்பத்திரி வராந்தாவில் "என் கண்ணு முன்னால நிக்காத, போ" என்று உன்னைத் துரத்தி நாலு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போன் செய்தாய். நான் எடுக்கவில்லை, இனியும் எடுக்கமாட்டேன். உன் குரலைக் கேட்டால் வாயில் வருவதெல்லாம் வந்துவிடும். கடிதம் என்றால் கொஞ்சம் யோசித்துத் திட்டலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். இரும்பு ஆலைக்காரர்கள் இரண்டாவது புகைபோக்கி கட்டப் போகிறார்கள். ஏப்ரல் இருபதாம் தேதி பள்ளிக்கூட மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். எதிர்வீட்டு டீச்சரம்மா அவர்களுடைய அறிக்கையை வாங்கிப் படித்துவிட்டு வந்து சொன்னார். இந்த ஊர்க் காற்று நாலு வருஷமாகச் சுத்தமாக இருக்கிறதாம், இன்னொரு புகைபோக்கி வந்தாலும் ஒன்றும் ஆகாதாம். அதற்கு ஆதாரம் எது தெரியுமா? மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்காகப் பள்ளிக்கூட மாடியில் மெஷின் வைத்து நீ அளந்து எழுதிய பதிவேடு. பக்கத்துக்குப் பக்கம் உன் கையெழுத்து.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நீயே உளறிக் கொட்டினாய். நாள் முழுக்க ஓடவேண்டிய மெஷினை, ஆலையில் உலை திறக்காத நேரம் பார்த்து நாலே மணி நேரம் ஓட்டியதாகவும், பதிவேட்டில் இருபத்துநாலு என்று எழுதியதாகவும் சொன்னாய். அதை அப்படியே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. கூட்டத்தில் நான் படிக்கிறேன்.

உன்னால் நான் செய்த முட்டாள்தனத்தையும் கேட்டுக்கொள். நான் சலவைக்காரி. கொடியில் காயும் வெள்ளைத் துணியைப் பார்த்தே காற்று எப்படி என்று சொல்லக்கூடியவள். மாடியில் போட்ட வெள்ளை விரிப்பெல்லாம் சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகும். ஆனால் பள்ளிக்கூட வாசல் பலகையில் என் தம்பி பச்சைச் சாக்பீஸால் எழுபத்தொன்று என்று எழுதியிருக்கிறானே! நூற்றுக்குக் கீழே என்றால் நல்ல காற்று என்று அவன்தானே சொன்னான்! அதனால் சோப்பை மாற்றினேன். தண்ணீரை மாற்றினேன். சரியாக அலசவில்லையோ என்று ஒரே துணியை மூன்று தடவை அலசினேன். என் கண்ணை நம்பவில்லை. உன் கையெழுத்தை நம்பினேன். நம்பி, துணியோடு சேர்த்து என் பிள்ளையையும் மாடிக்கு விளையாட அனுப்பினேன்.

ஒரே ஒரு பக்கம். அதற்கு மேல் உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. திட்டியாவது எழுதினாயே, அதுவே போதும்.

உன் மகள், நம் வாயாடி, எப்படி இருக்கிறாள்? மருந்து இழுக்கும் குழாயைச் சரியாகப் பிடிக்கிறாளா? நாலு வார்த்தையாவது அவளைப் பற்றி எழுதியிருக்கலாம்.

நீ கேட்டதைப் பற்றி. அக்கா, நீ நினைப்பது மாதிரி இது நான் ஒருவன் செய்த வேலை இல்லை. மேலதிகாரி சொன்னதைச் செய்தேன். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். மின்சாரம் போகும், மெஷின் சூடாகும், தூசி பிடிக்கும் தாள் தீர்ந்துபோகும். இருபத்துநாலு மணி நேரமும் எந்த ஊரில் ஓட்டுகிறார்கள்? எல்லாரும் செய்வதுதான்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மூச்சிரைப்புக்கு ஆயிரம் காரணம் உண்டு. உன் வீட்டிலேயே வெந்நீர் ஆவி, சோப்புத் தூள், வெளுப்புத் தூள் வாடை. அவள் பிறந்ததிலிருந்து அதற்குள்ளேதான் வளர்ந்தாள். எல்லாவற்றையும் ஒரு புகைபோக்கியின் தலையில் கட்டுவது சரியில்லை என்று டாக்டரே சொல்லியிருப்பார்.

எழுதிக் கொடுத்தால் என் வேலை போய்விடும். நீ யோசித்துப் பார்.

உன் தம்பி

மார்ச் 22

தம்பிக்கு,

யோசித்துப் பார்த்தேன். நன்றாகவே யோசித்துப் பார்த்தேன்.

சோப்புத் தூளா? என்னைக் கொலைகாரி ஆக்கிவிட்டு நீ நழுவப் பார்க்கிறாயா? நெஞ்சு டாக்டரிடம் அதையும் கேட்டேன். அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "சோப்புத் தூளுக்கு இது வராதும்மா. இந்த வாரம் மட்டும் உங்க தெருவிலிருந்து ஆறு பிள்ளைங்க வந்திருக்கு. ஆறு வீட்டிலயும் சலவையா நடக்குது?" என்றார். போன தடவை அதே டாக்டர், உங்க பக்கம் காற்று எப்படி என்று கேட்டபோது, "எங்க தம்பிதான் அளக்கிறான் சார், நல்லாத்தான் இருக்கு" என்று பெருமையாகச் சொன்னவள் நான். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எதற்கு அப்படிப் பார்த்தார் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

வாயாடியைப் பற்றிக் கேட்டாய். உனக்கு அந்தப் பெயர் வைக்கத் தெரிந்ததே! அவள் இப்போது மூன்று வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்துகிறாள். நிறுத்தி, மூச்சை வாங்கி, சொல்ல வந்ததை மறந்துவிட்டு, என் முகத்தைப் பார்க்கிறாள். ஒன்பது வயதுப் பிள்ளை படி ஏற என் கையைப் பிடிக்கிறாள்.

இப்போது வேறு ஒரு கதை சொல்கிறேன். நீ குடியிருந்த வீட்டுக்காரம்மா போன வாரம் திரைச்சீலை வெளுக்கக் கொண்டுவந்தார். வந்தவர் ஒரே புலம்பல். "உன் தம்பி காலி பண்ணிட்டுப் போனான், சின்ன ரூம் ஜன்னல் முழுக்க டேப்பை ஒட்டி வெச்சிருக்கான். சட்டத்துல, கதவிடுக்குல, காத்துப் போற ஓட்டையிலகூட. சுரண்டிச் சுரண்டி என் நகமே போச்சு" என்றார். யார் படுத்த அறை என்று கேட்டேன். உன் மகன் படுத்த அறை.

டேப் பழுப்பேறிக் காய்ந்துபோய் இருந்ததாம். நேற்று ஒட்டியது இல்லை. அப்புறம் நினைத்துப் பார்த்தேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷக் கடைசியில், பாதிப் படிப்பில், உன் மனைவியையும் மகனையும் மாமனார் ஊருக்கு அனுப்பினாய். "அங்க ஸ்கூல் நல்லா இருக்குக்கா" என்றாய். நானும் மூட்டை கட்டிக் கொடுத்தேன். அவன் சட்டையெல்லாம் தேய்த்து அடுக்கியது இந்தக் கைதான்.

உனக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாரும் செய்வதைச் செய்தவன் தன் பிள்ளை ஜன்னலுக்கு மட்டும் ஏன் டேப் ஒட்டினான்? சப்பைக்கட்டு கட்டாதே. எப்போது தெரிந்தது, அதை மட்டும் சொல்.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

அந்த வருஷம் அக்டோபரில் ஒரு நாள் மெஷினை நிறுத்த மறந்துவிட்டேன். அலுவலக வேலையாக வெளியூர் போனவன் மறுநாள்தான் வந்தேன். என் வேலைக்காலத்தில் அந்த மெஷின் ஒரு முழு நாள் ஓடியது அந்த ஒரு தடவைதான். தாளை எடுத்தேன். வெள்ளையாக வைத்த தாள் தோசைக்கல் அடியைத் துடைத்த துணி மாதிரி இருந்தது. எடை போட்டுக் கணக்குப் பார்த்தால் நானூற்றுப் பன்னிரண்டு. தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மறுபடி போட்டேன். மறுபடியும் நானூற்றுப் பன்னிரண்டு.

மேலதிகாரியிடம் காட்டினேன். "மெஷின் கோளாறு. கிழிச்சுப் போட்டுட்டு நேத்து எழுதினதையே எழுது" என்றார். நேற்று எழுதியது எழுபத்தொன்று. கீழே வந்து பலகையில் அதையே எழுதினேன்.

எழுதும்போது பக்கத்தில் யார் நின்றார்கள் தெரியுமா? வாயாடி. தினமும் மாதிரி பலகையை அவள்தான் துடைத்துக் கொடுத்தாள். தினமும் மாதிரி உன் மாடியைப் பார்த்துத் தெருவே கேட்கக் கத்தினாள். "அம்மா! மாமா எழுபத்தொண்ணு போட்டுட்டாங்க! துணியை வெளியில காயப் போடு!" நீயும் மேலேயிருந்து கையை ஆட்டினாய். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என் முகத்தை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அன்றைக்குச் சாயங்காலமே டேப் வாங்கி ஒட்டினேன். அடுத்த மாதம் அவர்களை அனுப்பிவிட்டேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? உன் வாய்க்குப் பயந்தேன், அக்கா. அதுதான் உண்மை. உன்னிடம் சொன்னால் நீ மாடியில் நின்று தெருவையே கூட்டியிருப்பாய். மறுநாள் என் வேலை போயிருக்கும். எப்படியாவது பக்குவமாகச் சொல்லி உங்களையும் வேறு தெருவுக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். நாள் போய்விட்டது.

நீ கேட்ட பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். என் மனைவி, "பிள்ளையை வெச்சுக்கிட்டு நடுத்தெருவுல நிக்கணுமா?" என்று அழுகிறாள். எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடு.

உன் தம்பி

ஏப்ரல் 9

அவகாசமா?

முந்தாநாள் வகுப்பிலேயே விழுந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்துவிட்டது. டீச்சரம்மா தூக்கிக்கொண்டு ஓடினார். இரண்டு நாள் பிராணவாயுக் குழாய். இப்போது வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன்.

டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். "நுரையீரல் பாதிதான் வேலை செய்யுது. போனது திரும்பாது. இருக்கிறதையாவது காப்பாத்தணும்னா இந்த இடத்தை விட்டுப் போங்க. அடுத்த பனிக்காலத்தை இவ இங்க தாண்டமாட்டா."

எங்கே போவேன்? என் வீட்டுக்காரர் லாரியோடு கவிழ்ந்து போய்ச் சேர்ந்த இந்த ஆறு வருஷமாக எனக்கு இந்த வீடும் இந்தக் கொடியும் தவிர யார் இருந்தார்கள்? நீ இருந்தாய். அவர் போன அன்றைக்கு, "நான் இருக்கேன்க்கா" என்றாய். இருந்து என்ன கிழித்தாய்?

என் வாய்க்குப் பயந்தானாம்! என் வாய்க்குப் பயந்து என் பிள்ளை வாயை மூடிவிட்டாய். உன் மகனுக்கு டேப் ஒட்டிய கையால் இவள் தலையைத் தடவினாயே, எப்படியடா முடிந்தது?

நான் ஒருத்தி போக எங்காவது வழி பார்ப்பேன். மற்ற ஐந்து வீட்டுப் பிள்ளைகள் எங்கே போகும்? கூட்டம் இருபதாம் தேதி. தபால் வர மூன்று நாள் ஆகும். அனுப்பினால் அனுப்பு. இல்லையென்றால் இனி எழுதாதே.

ஏப்ரல் 14

அக்கா,

இத்தோடு நீ கேட்டதை வைத்திருக்கிறேன். ஒன்றையும் மறைக்கவில்லை. நாலு மணி நேரம், இருபத்துநாலு என்று எழுதியது, மேலதிகாரி சொன்னது, நான் ஒப்புக்கொண்டது, நானூற்றுப் பன்னிரண்டு, எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு பிரதியை அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டேன். இனி பின்வாங்க முடியாதபடி முதலில் அதைத்தான் தபாலில் போட்டேன்.

இன்னொரு உறையில் அந்தத் தாள் இருக்கிறது. கிழித்துப் போடச் சொன்னார், நான் கிழிக்கவில்லை. ஏன் வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துக் காட்டு.

என் மனைவி என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை.

கூட்டத்துக்கு நானே வருகிறேன் என்று சொன்னால் விடமாட்டாய் என்று தெரியும். நீயே படி. நீ படித்தால்தான் கடைசி வரிசை வரை கேட்கும்.

உன் தம்பி

ஏப்ரல் 21

தம்பிக்கு,

படித்தேன். கடைசி வரிசை வரை கேட்டது.

மண்டபத்தில் நிற்க இடமில்லை. மேடையில் நாலு பேர். நடுவில் உட்கார்ந்த அதிகாரி நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தார். நான் முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. முடித்ததும் பதிவேட்டைத் திறந்தார்.

"அம்மா, இது உங்க தம்பி கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"இது?"

"அதுவும்தான்."

"நீங்க படிச்ச கடுதாசியில இருக்கிறதும் அவர் கையெழுத்துதான். நாலு வருஷமா தினமும் கையெழுத்துப் போட்டு ஒண்ணு சொல்றார். இப்போ வேற ஊர்ல உக்காந்துகிட்டு ஒரு நாள் வேற ஒண்ணு சொல்றார். நாங்க எந்தக் கையெழுத்தை நம்பணும்? நீங்களே சொல்லுங்க."

நான் வாயாடிக்கே அம்மா. தெருக்குழாய்ச் சண்டையில் யாரும் என்னிடம் ஜெயித்ததில்லை. இவர் ஒரே கேள்வியில் ஜெயித்துவிட்டார்.

தாளைக் காட்டினேன். ஆலைக்காரர்களின் வக்கீல் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இதுல தேதி இருக்கா? முத்திரை இருக்கா? எந்த வீட்டு அடுப்புல காட்டினதோ யார் கண்டா" என்றார். சிரித்தார்கள். பின்னாலிருந்து நம் தெருவில் ஒருவனும் சிரித்தான். அவனுக்கு ஆலையில் வேலை.

டீச்சரம்மா ஆறு பிள்ளைகளின் ஆஸ்பத்திரிச் சீட்டையும் நீட்டினார். "சீட்டுல மூச்சிரைப்புன்னு இருக்கு. புகைபோக்கின்னு எங்கே இருக்கு?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில், எதிர்ப்பு பதிவு செய்யப்பட்டது, ஆதாரம் போதவில்லை என்று எழுதி எழுந்துவிட்டார்கள். அடுத்த மாதம் அஸ்திவாரம் தோண்டுகிறார்களாம்.

வீட்டுக்கு வரும்வரை அந்த அதிகாரியைத் திட்டிக்கொண்டே வந்தேன். வந்து உட்கார்ந்த பிறகு தோன்றியது, அவர் கேட்டதில் என்ன தப்பு? நானும் அந்தக் கையெழுத்தைத்தானே நம்பினேன். வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, பிறகு வந்து சாட்சி சொன்னால் யார் கேட்பார்கள்? பொய்யை இவ்வளவு ஒழுங்காக எழுதியிருக்கிறாயே. ஒரு நாள் விடாமல், ஒரு அடித்தல் இல்லாமல்.

பள்ளிக்கூட வாசலில் இப்போது வேறு ஒருவன் எழுதுகிறான். அவனுக்கு எழுத்து கோணல். எண் மட்டும் உன்னுடையது மாதிரியே அழகாக இருக்கிறது.

அக்கா

மே 2

அக்கா,

என்னைத் தற்காலிக வேலைநீக்கம் செய்துவிட்டார்கள். பதிவேட்டில் பொய் எழுதியதாகக் குற்றம். எழுதச் சொன்னவர்தான் விசாரணை அதிகாரி. இதை உன்னிடம் புலம்ப எனக்கு வாயில்லை. வேறு யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை.

ஒரு விஷயம். தயவுசெய்து கிழிக்காமல் படி. இங்கே மாமனார் வீட்டு மாடியில் ஓர் அறையும் சமையலறையும் காலியாக இருக்கின்றன. சுற்றிலும் ஆலை எதுவும் இல்லை. என் மகனுக்கு இங்கே வந்து மூன்றே மாதத்தில் இருமல் நின்றது. இதை எழுதவே கூசுகிறது, ஆனால் எழுதாமல் எப்படி உன்னைக் கூப்பிடுவது? வாயாடியைக் கூட்டிக்கொண்டு வா. இரண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரி இருக்கிறது, நெஞ்சு டாக்டரும் இருக்கிறார், விசாரித்துவிட்டேன். என் மனைவியும் சம்மதித்துவிட்டாள். "அந்தப் புள்ளைக்கு நாம செஞ்சது பாவம்" என்று அவளே சொன்னாள்.

என்னை மன்னிக்க வேண்டாம். வந்தால் மட்டும் போதும்.

உன் தம்பி

மே 10

தம்பிக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போடத்தான் எழுந்தேன். அதற்குள் வாயாடி வாங்கிப் படித்துவிட்டாள். படிக்கும்போது நாலு இடத்தில் நிறுத்தினாள். கம்மாவுக்கும் முற்றுப்புள்ளிக்கும் இல்லை, மூச்சுக்கு. படித்துவிட்டு, "மாமாவை மன்னிச்சிடும்மா, பாவம்" என்றாள். அவளுக்கு ஒன்பது வயது. அவளுக்கு என்ன தெரியும்? நான் மன்னிக்கவில்லை. இந்த ஜென்மத்தில் முடியாது.

ஆனால் வருகிறேன். ரோஷம் பார்த்தால் பிள்ளை மிஞ்சமாட்டாள். டாக்டர் சொன்ன பனிக்காலத்துக்கு ஏழு மாதம்தான் இருக்கிறது. எனக்குப் போக வேறு இடம் இல்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன் பிள்ளைக்காக நீ தேடி வைத்த காற்று என் பிள்ளைக்கு வேண்டும். அதற்காக உன் வீட்டு வாசற்படி மிதிக்கிறேன். வாடிக்கைத் துணிகளையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சலவை வேலை எந்த ஊரிலும் கிடைக்கும். உன் மனைவிக்கு நான் பாரமாக இருக்கமாட்டேன், அவளிடம் சொல்.

ஒரே ஒரு நிபந்தனை. நாங்கள் வந்து இறங்கும்போது நீ அங்கே இருக்கக் கூடாது. அன்றைக்கு மட்டும் இல்லை, நான் அங்கே இருக்கும் வரைக்கும். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட முடியாது. உன் மகனிடம் என்ன சொல்ல வேண்டுமோ சொல்லிக்கொள். பொய் சொல்லத்தான் உனக்குப் பழக்கம் இருக்கிறதே.

எங்கே போவது என்று யோசிக்காதே. உன் வேலையைப் பிடுங்கிவிட்டார்கள், விசாரணையும் இந்த ஊரில்தான் நடக்கும். என் வீடு காலியாகத்தான் இருக்கும். சாவியை டீச்சரம்மாவிடம் கொடுத்துவிட்டு வருகிறேன். படுக்கை விரித்தே இருக்கும். வாயாடி படுத்த அறை தெருப்பக்கம், ஜன்னல் சரியாக மூடாது.

பதினெட்டாம் தேதி நாங்கள் பஸ் ஏறுகிறோம். அன்றைக்கே நீயும் புறப்பட்டு இங்கே வந்து இரு.

அக்கா